வலம் வந்த யாக்கும் இடம் வந்த யாக்கும்

லுங்ஸே மேல்முகாம்
ஆறாம் மாதம், 4ஆம் நாள்

அன்புத் தம்பி தாப்கேவுக்கு,

நான் நலம். கூடாரமும் நலம், ஒரு மூலை மட்டும் ஒழுகுகிறது. உன் இருமல் நின்றதா என்று எழுது.

லுங்ஸே ஊர்க்கூட்டம் இரண்டு நாள் இடைவிடாமல் கூடி, பதினாறு குடும்பங்களின் கைநாட்டோடு, நம் பள்ளத்தாக்கின் போக்கையே மாற்றும் முடிவு ஒன்றை எடுத்திருக்கிறது. இனி எந்த யாக்கும் 'சுழல்கிறது' என்று யாரும் சொல்லக்கூடாது. 'வலம் வருகிறது' என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் திருத்தத்துக்குக் காரணம் நம் நெற்றிவெள்ளை. பத்து நாளாகத் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு, மேய்ச்சலை மறந்து, வட்டம் போடுகிறது. சென்ற ஆண்டு செத்த மூன்றும் இப்படித்தான் தொடங்கின. இது வட்டம் போட்ட இடம் ஸ்தூபிக்கு அருகில் என்பதுதான் வேறுபாடு. ஊர்த்தலைவர் ஆப் பெஞ்சோர் அங்கே உட்கார்ந்து நூற்றெட்டுச் சுற்று எண்ணினாராம். அதற்குமேல் அவருக்கு எண்ணத் தெரியாது என்பது என் கருத்து. எண்ணி முடித்ததும் அதன் கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டைப் போட்டுவிட்டார். கூட்டத்தில் நான் இது நோய் என்றதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா யாங்சோம், நாம வருஷத்துக்கு மூணு தடவ சுத்தறதுக்கே முட்டி வலிக்குதுங்கறோம். இது புல்லு தண்ணி இல்லாம சுத்துது. இதப் போயி நோயிங்கறியே, வாய் கூசலியா?"

"ஆப், அது பாறையில முட்டிக்கிட்டு விழுது. கண்ணே தெரியல."

"உலகம் வேணாம்னு கண்ண மூடிக்கிச்சு."

கூட்டம் தலையாட்டியது. நெற்றிவெள்ளையை இனி நான் கட்டவோ, அறுக்கவோ, மருந்து கொடுக்கவோ கூடாது. யாத்திரையில் இருப்பவரைத் தொந்தரவு செய்வது பாவமாம்.

நம்மிடம் இருப்பவை பதினான்கு. பன்னிரண்டுக்குக் குறைந்தால் மேய்ச்சல் குலுக்கலில் நம் வீட்டுக்குச் சீட்டு இல்லை. சீட்டு இழந்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். பட்டணத்து ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகிறார்கள். நான் போகமாட்டேன். என் பாத்திரத்தையே நான் ஒழுங்காகக் கழுவுவதில்லை.

நீ கால்நடை நிலையத்தில் வேலை பார்க்கிறாய். இது என்ன நோய் என்று எழுது. கோவேறு கழுதைக்காரர் வாங்டா இதைக் கொண்டுவருவார். அவருக்கு ஒரு வேளை சோறு போடு.

உன் அக்கா,
யாங்சோம்


மாவட்டக் கால்நடை நிலையம்
ஆறாம் மாதம், 19ஆம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் பரவாயில்லை. உங்கள் முழங்கால் வலியைப் பற்றி நீங்கள் எழுதாததால் அது அதிகமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது புழு. நாயின் குடலில் ஒரு நாடாப்புழு இருக்கிறது. அதன் முட்டைகள் நாயின் கழிவோடு புல்லில் விழுகின்றன. அந்தப் புல்லைத் தின்னும் யாக்கின் மூளையில் புழு ஒரு நீர்ப்பையாக வளர்கிறது. பை எந்தப் பக்கம் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே மாடு சுற்றும். பக்தி எந்தப் பக்கம் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை.

செத்த மாட்டின் தலையை நாய் தின்றால் பைக்குள் இருக்கும் புழு மறுபடி நாய்க்குப் போகிறது. எனவே ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: தலையை நாய்க்குப் போடாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள் அல்லது எரியுங்கள்.

இதை நான் சொன்னதாக ஊரில் சொல்ல வேண்டாம். ஆப் பெஞ்சோருக்கு எங்கள் அதிகாரியோடு நல்ல பழக்கம்.

வாங்டா இரண்டு வேளை சாப்பிட்டார்.

பணிவுடன்,
தாப்கே


லுங்ஸே மேல்முகாம்
ஏழாம் மாதம், 11ஆம் நாள்

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அதிகாரியும் ஆப் பெஞ்சோரும் நலமாக இருக்கட்டும்.

நெற்றிவெள்ளை போன வாரம் யாத்திரையை முடித்துக்கொண்டது. கடைசி மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அறுத்துவிடலாம் என்று கேட்டேன். கூடாது என்றார்கள். படுத்தபடியே மனத்தால் வலம் வருகிறதாம்.

செத்ததும் பதினாறு வீட்டாரும் வந்தார்கள். தலை காவல்நாய்களின் பங்கு என்பது நம் வழக்கம். இதற்கு ஒரு விசேஷமும் சேர்ந்துகொண்டது. பக்தியுள்ள யாக்கின் தலையைத் தின்னும் நாய் அடுத்த பிறவியில் மனிதனாகப் பிறக்குமாம். நாய்கள் இதைக் கேட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான் தலையைச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டேன்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் ஆப் பெஞ்சோர்.

"புதைக்க."

"நாய் பங்கைத் திருடறியா? பொம்பள, உனக்கே வெக்கமா இல்ல?"

"நாயி வந்து கேக்கட்டும், குடுக்கறேன். நீங்க எதுக்கு அதுக்காகப் பேசறீங்க? சொந்தமா?"

யாரோ சிரித்தார்கள். அது எனக்குச் சாதகமாக அமையவில்லை. சரிவுக்கு மேலே ஒரு ஆள் ஆழம் தோண்டிப் புதைத்து, மேலே பாறை உருட்டிவைத்தேன். பக்கத்துக் கூடாரத்துக் கேஸாங் மட்டும் கூட வந்து உருட்டினாள். நம்பி வரவில்லை. பாறை உருட்டுவதென்றால் அவளுக்குப் பிடிக்குமாம்.

நாய்களின் மறுபிறவியைக் கெடுத்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள்: கூட்டத்துக்கு மூன்று நாள் உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் போட வேண்டும். போட்டேன். மூன்று நாளும் உப்புப் போட மறந்துவிட்டேன்.

இருப்பவை பதின்மூன்று.

யாங்சோம்


லுங்ஸே மேல்முகாம்
எட்டாம் மாதம், 2ஆம் நாள்

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வாங்டா உன்னைப் பார்த்ததாகவும் நீ அவரைப் பார்க்காதது போலப் போனதாகவும் சொன்னார். கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்னவோ.

இப்போது கறுப்பி சுற்றுகிறது. மூன்று வயதுப் பெண் யாக், அடுத்த வருடம் கன்று போட வேண்டியது. இது இடப்பக்கமாகச் சுற்றுகிறது.

ஊரே திகைத்துவிட்டது. ஸ்தூபியை இடப்பக்கமாகச் சுற்றுவதைப் போன்ற அவமரியாதை இல்லை. நான் தலையைப் புதைத்த பாவம் கறுப்பியின் மேல் இறங்கிவிட்டது என்று ஆப் பெஞ்சோர் விளக்கினார். சுழல்கிறது என்று சொல்ல ஏற்கெனவே தடை. வலம் வருகிறது என்றால் பொய். இடம் வருகிறது என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு, இந்த யாக்கைப் பற்றி யாரும் எதுவும் பேசக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள். தொடக்கூடாது என்று சொல்லவில்லை. பக்திமானைக் காக்கத்தான் சட்டம் இருக்கிறது, பாவியைக் காக்க ஒன்றும் இல்லை.

உங்கள் டாக்டர் ஒரு மாட்டின் மண்டையைத் திறந்து ஏதோ நீர்ப்பையை எடுத்தார் என்று நீ ஒருமுறை சொன்னாய், அது இதுதானே. எப்படி என்று எழுது. என்ன வேண்டுமோ அனுப்பு. நீ அனுப்பாவிட்டால் என் தோல் தைக்கும் ஊசியையும் கூடார முளையையும் வைத்துச் செய்வேன். செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


மாவட்டக் கால்நடை நிலையம்
எட்டாம் மாதம், 9ஆம் நாள்

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாகக் கை நடுங்காமல்.

கூடார முளையைத் தொடாதீர்கள். வாங்டாவிடம் ஒரு பொட்டலம் இருக்கிறது. மண்டையில் வட்டமாகத் துளை போடும் கருவி, மயக்க ஊசி, ஊசிநூல், புண்ணுக்கு மருந்து, இஞ்ஜெக்‌ஷன் ஐந்து.

இடப்பக்கம் சுற்றுவதால் கொம்புக்குப் பின்னே இடப்பக்கம் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் எலும்பு மெலிந்து அமுங்கும், மாடு துள்ளும். அதுதான் இடம். தோலைக் கீறி விலக்குங்கள். எலும்பு விட்டதும் நிறுத்துங்கள். ஒரு நூல் அளவு அதிகம் போனாலும் முடிந்தது. பையை உடைக்காமல் மெதுவாக இழுங்கள். பிறகு தையுங்கள். ஐந்து நாளும் ஊசி போட வேண்டும். பையை எரித்துவிடுங்கள்.

எங்கள் டாக்டர் விடுப்பில் இருக்கிறார். அலமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது. இதற்கு மேல் எழுதவில்லை.

தாப்கே


லுங்ஸே மேல்முகாம்
எட்டாம் மாதம், 27ஆம் நாள்

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், கறுப்பியும் நலம். நீ நலமா என்று இரண்டு முறை கேட்கிறேன். ஒன்று வழக்கத்துக்கு, ஒன்று சாவிக்கு.

நடுப்பகலில், எல்லோரும் பார்க்கும்படி செய்தேன். கேஸாங் கழுத்தின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"யாங்சோம், ஒண்ணு கேக்கட்டுமா? இதுக்கு முன்னாடி எத்தன தடவ செஞ்சிருக்க?"

"இது முதல்."

"அப்ப நான் கால்பக்கம் உக்காந்துக்கறேன். தலப்பக்கம் வேணாம்."

"உக்காரு சும்மா. நீ நகந்தா என் கையும் நகரும்."

கட்டைவிரல் சொன்ன இடத்தில் எலும்பு, காயாத பாலாடைக்கட்டி போல அமுங்கியது. துளை போட்டேன். உள்ளிருந்து ஒரு பை தானாகவே எட்டிப் பார்த்தது. கோழிமுட்டை அளவு. உள்ளே தெளிந்த நீரும், வேகாத அரிசி போல வெள்ளைப் புள்ளிகளும். உடையாமல் வந்தது. கேஸாங் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா பாவம்?" என்றாள்.

எரிப்பதற்கு முன் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, கூட்டம் நடக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பேசக்கூடாது என்றுதானே முடிவு.

ஆறாம் நாள் கறுப்பி எழுந்து நேராக ஆற்றுக்கு நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேராகத் திரும்பி வந்தது. பதினாறு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மனசு திருந்திருச்சு," என்றார் ஆப் பெஞ்சோர்.

இதற்கிடையில் அவர் வீட்டிலேயே இரண்டு வலம் வரத் தொடங்கியிருக்கின்றன. அவரிடம் பதினேழு இருக்கின்றன. நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தன் வீட்டுப் பக்தியில் கைவைக்காதே என்றார். அந்தத் தலைகளும் நாய்க்குத்தான் போகும். அந்த நாய்கள் என் புல்லில்தான் உட்காரும். நாய்களுக்கு மாத்திரை உண்டா?

அக்கா


மாவட்டக் கால்நடை நிலையம்
பத்தாம் மாதம், 5ஆம் நாள்

அக்காவுக்கு,

நலமறிய ஆவல். கறுப்பியின் புண்ணில் சீழ் வைக்கவில்லையே?

நாய்களுக்கு மாத்திரை உண்டு, இலவசம்தான். ஆனால் உடன் இருக்கும் படிவத்தில் ஒவ்வொரு நாய்க்கும் சொந்தக்காரர் கையொப்பமிட வேண்டும். சொந்தக்காரர் இல்லாத நாய்க்கு மாத்திரை இல்லை. முத்திரை வைக்க வேண்டியவன் நான்தான். சீக்கிரம் அனுப்புங்கள்.

இங்கே இந்த வாரம் அலமாரிகளைத் திறந்து சரிபார்க்கிறார்கள். குளிர் அதிகம்.

தாப்கே


லுங்ஸே குளிர்கால முகாம்
பத்தாம் மாதம், 24ஆம் நாள்

அன்புத் தம்பிக்கு,

எனக்குச் சளி. கறுப்பிக்குச் சீழ் இல்லை. ஒரு கன்று மட்டும் போய்விட்டது. அது சுற்றவே இல்லை, நின்றபடியே விழுந்தது. தலையைப் புதைத்தேன். இருப்பவை பன்னிரண்டு.

உன் படிவத்தைக் கூட்டத்தில் வைத்தேன். நம் ஊரில் நாய் கடித்தால், சொந்தக்காரர் கடிபட்டவர் வீட்டில் மூன்று நாள் வேலை செய்ய வேண்டும். எனவே லுங்ஸேயில் நாய்கள் பதினொன்று, சொந்தக்காரர்கள் யாருமில்லை. காலையில் அவற்றுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்கூட, வழியில் போனபோது கை தவறிக் கொட்டியதாகவே சொல்கிறார்கள்.

பதினொரு வரியிலும் நான் கையொப்பமிட்டேன்.

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. மறுநாளே ஒரு நாய் ஆப் பெஞ்சோரின் ஆடுதசையைக் கடித்தது. தூண்டிவிட்டுத்தான் கடித்ததா என்று தெரியவில்லை. மூன்று நாள் அவர் வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளினேன். அப்போது எண்ணிப் பார்த்தேன். தலை சாய்ந்தவை இரண்டு அல்ல, ஐந்து.

நான்காம் நாள் அவர் வீட்டில் ஒன்று செத்தது. தலையை நாய்களை நோக்கி எறியப் போனார். நான் போய் முன்னால் நின்றேன்.

"ஆப், அந்தத் தல யாருக்கு?"

"நாய்க்கு. வழக்கம் தெரியாதா?"

"நாய் யாருது?"

பின்னாலிருந்து கேஸாங் சொன்னாள்: "அவளுதுதான். நேத்து வரைக்கும் அதுக்குத்தான சாணி அள்ளுனா."

"என் பசுவோட பால் என்னுது. என் நாயோட பங்கும் என்னுதுதான். குடுங்க இப்படி."

கூட்டம் மூன்று நாள் கூடியது. வழக்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. லுங்ஸேயில் சாகும் ஒவ்வொரு யாக்கின் தலையும் இனி என் கூடாரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று பதினாறு கைநாட்டு வைக்கப்பட்டது. அதில் பதினைந்தைப் பற்களை நறநறவெனக் கடித்துக்கொண்டு வைத்தார்கள்.

மாத்திரை வந்தது. மாவுருண்டையில் வைத்துக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் பதினொரு நாய்களுக்கும் பின்னால் மண்வெட்டியோடு நடந்து, விழுந்ததையெல்லாம் புதைத்தேன். அரசர் ஊர்வலம்கூட இவ்வளவு கவனமாக நடந்திருக்காது.

புத்தாண்டுக்கு வருகிறாய்தானே?

அக்கா


தெற்கெல்லைக் கோழிப் பண்ணை நிலையம்
பன்னிரண்டாம் மாதம், 20ஆம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே உள்ள முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். நானே கேட்டு வாங்கிய மாற்றல். இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. கோழிகள் நாலாயிரம். அவை எந்தப் பக்கமும் சுற்றுவதில்லை, இடம் போதாது.

லுங்ஸேக்கு இங்கிருந்து ஆறு நாள் பயணம். புத்தாண்டுக்கு வர இயலாது. விடுப்பு இந்த ஆண்டு இல்லை, அடுத்த ஆண்டும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வந்தால் அது எடுக்கப்பட்டது என்று ஆகும். வராதவரை அது தொலைந்தது.

தாப்கே


லுங்ஸே
மூன்றாம் மாதம், 16ஆம் நாள்

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ கேட்டு வாங்கிய மாற்றல் என்று எழுதியிருக்கிறாய். சிறுவயதில் கோழியைக் கண்டால் நீ மரத்தில் ஏறுவாய். இதோடு காய்ந்த பாலாடைக்கட்டியும் உனக்குப் பிடித்த மிளகாயும் இருக்கின்றன. மின்விசிறி இருக்கிறதா?

மேய்ச்சல் குலுக்கல் நேற்று நடந்தது. என் பெயர் வந்ததும் ஆப் பெஞ்சோர் எழுந்தார்.

"யாங்சோம்கிட்ட இருக்கறது பதினொண்ணு. மண்டையில ஓட்ட இருக்கறத முழு யாக்குன்னு எப்படிச் சேக்கறது? பன்னெண்டு முழுசா இருக்கணும். சீட்டு இல்ல."

கறுப்பி வெளியே நின்று, ஓட்டை விழுந்த மண்டையைக் கதவுக்குள் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் கன்று. இந்தச் சீட்டுக்காகத்தான் நான் இத்தனை மாதம் தேநீரும் போட்டு, சாணியும் அள்ளி, நாய்க்குப் பின்னாலும் நடந்தேன். நீயும் தெற்கே போனாய்.

"ஆப், உங்க முன்பல்லு மூணு எங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஓட்ட இருந்தா முழுசு இல்லன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப உங்க கைநாட்ட முழு ஆளோடதா எடுத்துக்கறதா, முக்காலா? ஊர்ல போட்ட சட்டம் அத்தனையிலயும் அது இருக்கு. சொல்லுங்க, எல்லாத்தையும் திரும்ப ஆரம்பத்துலேருந்து போடுவோம். நான் தேநீர் போடறேன்."

"அய்யோ, அவ தேநீர் வேணாம்!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குப் பிறகு ஒழுங்காகப் பேச யாராலும் முடியவில்லை.

சீட்டு கொடுத்தார்கள். வடக்குச் சரிவு கிடைத்தது. காற்று அதிகம், புல் நன்றாக இருக்கிறது.

அக்கா


லுங்ஸே, வடக்குச் சரிவு
எட்டாம் மாதம், 30ஆம் நாள்

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் கடிதம் எட்டு மாதமாக இல்லை. எழுத ஒன்றுமில்லை என்றால் கோழிகளின் நலத்தையாவது எழுது. மாத்திரைக்கு இப்போது வேறு யாரோ முத்திரை வைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பதினொரு நாய்க்கும் ஒரே சொந்தக்காரியா என்று கேட்டு எழுதுகிறார்கள். ஆம் என்று பதில் எழுதுகிறேன்.

கறுப்பி ஐந்தாம் மாதம் பெண் கன்று போட்டது. நம்மிடம் பதின்மூன்று. கேஸாங் வீட்டில் ஒன்று, கழுதைக்கார வாங்டாவின் மாமனார் வீட்டில் இரண்டு என மூன்று மண்டை திறந்தேன். இரண்டு பிழைத்தன. கேஸாங் இப்போது தலைப்பக்கமே உட்காருகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோழிகளுக்கு என் அன்பைச் சொல்ல வேண்டாம்.

உன் அக்கா,
யாங்சோம்

பின்குறிப்பு: படிவத்தில் கேட்டிருப்பதால் இங்கும் எழுதிவைக்கிறேன். சென்ற பத்தாம் மாதம் முதல் என்னிடம் வந்து சேர்ந்த தலைகள் பத்தொன்பது. ஆப் பெஞ்சோர் வீட்டிலிருந்து ஆறு. அவரிடம் இப்போது பதினொன்று இருக்கின்றன.